பாங்காக்ல ஏழு நாள் கணக்கு

நாளைக்கு மறுநாள் சோங்க்ரான். நம்ம சித்திரை பொறக்கறதும் இவங்க புது வருஷமும் ஒட்டி ஒட்டித்தான் வரும், சங்கராந்திங்கற வார்த்தைதான் இங்க சோங்க்ரான் ஆயிருக்கு, அதனால எங்க வீட்டுல ஒரு பக்கம் மாங்காய் பச்சடியும் வேப்பம்பூவும் (வேப்பம்பூ ஊர்ல இருந்து காயவெச்சு வரும்) தயாராகும், கீழ தெருவுல பசங்க தண்ணி துப்பாக்கியோட நிப்பாங்க. ரொம்ப அழகான பண்டிகை. பெரியவங்க கையில வாசனைத் தண்ணி ஊத்தி ஆசீர்வாதம் வாங்குவாங்க, பாங்காக்ல வேலை செய்யற பாதி பேரு வடகிழக்குல இசான் பக்கம் சொந்த ஊருக்குக் கிளம்பிடுவாங்க, பஸ் ஸ்டாண்டு நம்ம தீபாவளி கோயம்பேடு மாதிரி இருக்கும்.

ஆனா இங்க வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆன எனக்கு சோங்க்ரான்னா டிவில வர்ற அந்தக் கணக்குதான் முதல்ல ஞாபகம் வரும். "ஏழு அபாய நாள்"னு பேரு. நியூ இயருக்கு ஒரு தடவை, சோங்க்ரானுக்கு ஒரு தடவை. தினமும் காலைல அதிகாரிங்க வரிசையா மேஜைல உக்காந்து, நேத்து இத்தனை விபத்து, இத்தனை பேருக்கு அடி, இத்தனை பேர் செத்தாங்க, காரணம் குடி, வேகம், வண்டி பெரும்பாலும் மோட்டார் சைக்கிள், எந்த மாகாணத்துல அதிகம்னு வாசிப்பாங்க. ஏழாவது நாள் மொத்தமா கூட்டிச் சொல்லுவாங்க. 2018 சோங்க்ரான்ல 418 சாவு. 2019ல 386. எட்டாவது நாள் அந்த மேஜையக் காணோம். மிச்ச 351 நாளும் அதே ரோட்டுல ஆள் செத்துக்கிட்டேதான் இருப்பாங்க, யாரும் வாசிக்க மாட்டாங்க.

இதப் பத்தி எழுதணும்னு மூணு நாலு வருஷமா மனசுல இருக்கு. ஒவ்வொரு ஏப்ரலும் ஆரம்பிச்சு பாதில நிறுத்திருக்கேன். இந்த தடவை முடிச்சிடறேன்.

கொரோனாவுல இருந்துதான் தொடங்கணும். சீனாவுக்கு வெளிய முதல் கேஸ் பதிவானதே தாய்லாந்துலதான், 2020 ஜனவரி 13. மார்ச் 26 எமர்ஜென்சி சட்டம், வெளிநாட்டுக்காரங்களுக்கு எல்லைய மூடிட்டாங்க. ஏப்ரல் 3ல இருந்து ராத்திரி பத்து மணிலேந்து காலைல நாலு வரைக்கும் ஊரடங்கு. மறுநாள்லேந்து பாசஞ்சர் ஃப்ளைட்டே இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்த வருஷ சோங்க்ரான் லீவையே தள்ளி வெச்சாங்க, பாங்காக்ல மது விக்கவும் தடை. அந்த ஏப்ரல் மாதிரி ஒரு அமைதிய இந்த ஊர்ல நான் பாத்ததே இல்ல. சுக்கும்வித்ல நடு ரோட்டுல நின்னா குயில் கூவறது கேக்கும். ரோட்டுல சாவும் அந்த மாசம் நல்லாவே குறைஞ்சுது, அது அப்ப யார் கண்ணுக்கும் பெருசாத் தெரியல.

எங்களுக்கு, அதாவது விசாவுல இருக்கற ஆளுங்களுக்கு, வேற கவலை. ஊர்ல மாட்டிக்கிட்டவங்க திரும்ப வர முடியல, இங்க இருந்தவங்க போக முடியல. ரீ என்ட்ரி பர்மிட் எடுக்காம வெளிய போனா விசாவே போயிடும், எடுத்துட்டுப் போனாலும் உள்ள விடுவாங்களான்னு தெரியாது. ஜூலைலேந்து வொர்க் பர்மிட் இருக்கறவங்க வரலாம்னு கொஞ்சம் கொஞ்சமா தொறந்தாங்க. அதுக்கு சி.ஓ.இ.னு ஒரு நுழைவு அனுமதிக் காகிதம் எம்பசில வாங்கணும், 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த பி.சி.ஆர், ஃப்ளைட்ல ஏறத் தகுதின்னு டாக்டர் சர்டிஃபிகேட், கொரோனாவுக்கு 1,00,000 டாலர் கவர் பண்ற இன்சூரன்ஸ், அப்புறம் ஏ.எஸ்.க்யூ.ன்னு அரசாங்கம் ஒத்துக்கிட்ட ஹோட்டல்ல 14 நாள் சொந்தக் காசுல தனிமை. ரூம் கதவுக்கு வெளிய சாப்பாட்ட வெச்சுட்டு மணி அடிச்சுட்டுப் போவாங்க. நடுவுல மூக்குல குச்சி.

அந்த வருஷம் முழுக்க எங்க அபார்ட்மென்ட் நீச்சல் குளத்துப் பக்கம் உக்காந்தா ஒரே பேச்சுதான். நாலஞ்சு வெளிநாட்டுக்காரங்க, ரிட்டயர் ஆகி செட்டில் ஆனவங்க, எங்கள மாதிரி வேலைக்கு வந்தவங்க, எல்லாரும் சேந்து ஒரு கணக்குப் போடுவோம். இந்த நாட்டுல ஒரு வருஷத்துக்கு ரோட்டுல சாகறவங்க உலக சுகாதார நிறுவனம் 2018ல போட்ட ரிப்போர்ட் படி 22 ஆயிரத்துக்கு மேல, லட்சம் பேருக்கு 32.7. கொரோனால செத்தவங்க? 2020 முழுக்க 60-ஐ ஒட்டித்தான். அறுபது! அறுபது பேருக்காக ஏர்போர்ட்ட மூடி, குடும்பத்தப் பிரிச்சு, டூரிஸத்த நம்பின லட்சக்கணக்கான பேர் வயித்துல அடிச்சு, அதே சமயம் 22 ஆயிரம் பேர் சாகற ரோட்டுக்கு ஒண்ணுமே பண்ணலயேன்னு. நானும் இத சொல்லிருக்கேன். ஒரு தடவை இல்ல, நிறைய தடவை, ரொம்ப நம்பிக்கையோட. அப்ப அது மறுக்க முடியாத நியாயமாத் தெரிஞ்சுது.

இப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பியப் பத்தி.

பரமக்குடி பக்கம். எங்களுக்குப் பக்கத்து பில்டிங்ல ரெண்டு பேரோட ரூம் எடுத்துத் தங்கியிருந்தான், ஏற்றுமதி கம்பெனி ஒண்ணுல கணக்கு பாக்கற வேலை. 2020 மார்ச் ஆரம்பத்துல அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவன் மாட்டிக்கிட்டான். இந்தியா மார்ச் 23ல இருந்து இன்டர்நேஷனல் ஃப்ளைட்ட நிறுத்திடுச்சு இல்லையா, அப்புறம் ஊரடங்கு, பரமக்குடில இருந்து மதுரைக்குப் போகவே இ-பாஸ் வேணும். எட்டு மாசம். கம்பெனி முதல் ரெண்டு மாசம் பாதி சம்பளம் குடுத்துச்சு, அப்புறம் அதுவும் இல்ல. அக்கா கல்யாணக் கடன் தலைல. வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு போன் பண்ணுவான், "அண்ணே, சி.ஓ.இ. லிங்க் தொறந்துட்டாங்களா பாருங்கண்ணே"ன்னு. நானும் அவன் ரூம்மேட்டும் சேந்து ஹோட்டல் லிஸ்ட்ல விலை கம்மியா எது இருக்குன்னு தேடிக் குடுத்தோம். கடைசியா நவம்பர்ல ஸ்பெஷல் ஃப்ளைட்ல வந்து இறங்கினான்.

பதினாலு நாள் ரூமுக்குள்ள. ஜன்னல் கூட முழுசா தொறக்க முடியாதாம். தினமும் காலை சாயங்காலம் டெம்பரேச்சர் பாத்து லைன்ங்கற சாட் ஆப்ல அனுப்பணும். எனக்கு வீடியோ கால் போட்டு, "அண்ணே இன்னிக்கும் அதே பாஸ்தாண்ணே, ரசம் சோறு சாப்பிட்டு எத்தன நாளாச்சு"ம்பான். மூணு டெஸ்டும் நெகடிவ். வெளிய வந்த அன்னிக்கு எங்க வீட்டுக்கு நேரா வந்தான், என் மனைவி ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் பண்ணி வெச்சிருந்தா. மூணு தடவை ரசம் ஊத்திக்கிட்டான். ரொம்ப சந்தோஷமா இருந்தான் அன்னிக்கு. ஜனவரி சம்பளம் வந்ததும் கடன்ல முதல் தவணை அடைச்சிடுவேன்னு சொன்னான்.

டிசம்பர் பாதில பாங்காக் பக்கத்துல இருக்கற சமுத் சாக்கோன்ல இறால் மார்க்கெட்ல கொத்தா கேஸ் வந்துச்சு, திரும்பவும் எல்லாரும் பயந்துட்டோம். அவன் பஸ்ல ஏறவே யோசிச்சான், கூட்டம் வேண்டாம்னு. அதுக்காகவே ஒரு செகண்ட் ஹேண்ட் 110 சிசி ஸ்கூட்டர் வாங்கினான். கூட்டத்துல போகாம பத்திரமா இருக்கணும்னு வாங்கின வண்டி அது.

டிசம்பர் 30 ராத்திரி. ரூம்ல தண்ணி கேன் தீந்துடுச்சு, நூடுல்ஸும் வாங்கலாம்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற செவன் லெவனுக்குக் கிளம்பிருக்கான். இங்க ரோடு எப்படின்னா, எங்க ஏரியாவுல அது பத்து லேன் இருக்கற பெரிய ரோடு, நடுவுல சுவர். எதிர்ப் பக்கம் இருக்கற கடைக்குப் போகணும்னா ஒண்ணரை கிலோமீட்டர் போயி யூ டர்ன் போட்டு திரும்ப அவ்வளவு தூரம் வரணும். அந்த யூ டர்ன்ல ஸ்கூட்டர்காரன் வலது ஓரத்துக்கு, வேகமான லேனுக்கு, குறுக்க வந்து நிக்கணும், எதிர்ப் பக்கம் 90, 100ல வர்ற பிக்கப்புக்கும் லாரிக்கும் நடுவுல கேப் பாத்து நுழையணும். சிக்னல் இல்ல. இது பிடிக்காமத்தான் நிறைய பேரு ரோட்டு ஓரமா எதிர்த் திசையிலயே வண்டிய ஓட்டிட்டு வருவாங்க, யோன் சோன்னு சொல்லுவாங்க இங்க, அதுவும் ஆபத்து. ரெண்டுல எத எடுத்தாலும் உயிர் கையிலதான். தம்பி சட்டப்படி யூ டர்ன்லயே போனான். அங்க ஒரு லைட் எரியல. பிக்கப்.

ஹெல்மெட் வண்டி முன்னாடி கொக்கில மாட்டியிருந்துச்சு. பக்கத்துலதானேன்னு.

ருவாம் கட்டான்யூ தொண்டர்கள்தான் முதல்ல வந்தாங்க. இங்க விபத்துன்னா இந்த மாதிரி தர்ம ஸ்தாபனத்து ஆளுங்க, சம்பளமில்லாம, ராத்திரி பூரா ரேடியோவ காதுல வெச்சுக்கிட்டு பெட்ரோல் பங்க்ல காத்துக்கிட்டு இருப்பாங்க, 1669க்கு போன் போனதும் ஓடி வருவாங்க. அவங்களுக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனா அவங்க வந்தப்பவே ஒண்ணும் பண்றதுக்கில்ல.

அந்த நியூ இயர் ஏழு நாள் கணக்கு, 3,333 விபத்து, 392 சாவு. டிவில அத வாசிச்சப்ப நான் அவன் ரூம்மேட்டோட போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருந்தேன். 392ல ஒண்ணு எங்க தம்பி. வருஷம் முழுக்க கொரோனா எடுத்தது 60 சொச்சம், ஏழே நாள்ல ரோடு எடுத்தது 392.

அவங்க அம்மாவுக்கு போன் பண்ணது நான்தான். யார் யாரோ சொல்லத் தயங்கி கடைசில என்கிட்ட வந்துச்சு. அக்கா வீட்டுக்காரரை முதல்ல கூப்பிட்டு பக்கத்துல இருக்கச் சொல்லிட்டுத்தான் பேசினேன். அந்தம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டது, "கொரோனாவா தம்பி?" இல்லம்மா, வண்டிம்மான்னேன். "டெஸ்டெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னானே"ன்னாங்க. திரும்பத் திரும்ப அதையே, டெஸ்டெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னானே தம்பி, பதினாலு நாளும் வெளிய போகலன்னு சொன்னானேன்னு. அந்தக் குரல் இப்பவும் காதுல இருக்கு.

அடுத்து பன்னெண்டு நாள் காகிதம். வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்க தெரிஞ்சு வெச்சுக்கட்டும்னு எழுதறேன், யாருக்கும் தேவைப்படாம இருக்கணும். மாவட்ட ஆபீஸ்ல, இங்க கேத்னு சொல்லுவாங்க, இறப்புச் சான்று தாய்லாந்து மொழில குடுப்பாங்க. அத மொழிபெயர்த்து நம்ம எம்பசிக்குக் கொண்டு போகணும், பாஸ்போர்ட்ட கேன்சல் பண்ணி முத்திரை போடுவாங்க, உடம்பக் கொண்டு போக ஆட்சேபணை இல்லன்னு கடிதம், உடம்பப் பதப்படுத்தின சான்று, பெட்டி சீல் வெச்ச சான்று, குடும்பத்துல இருந்து யாரு பேருக்கு அனுப்பணும்னு அதிகாரக் கடிதம். அப்ப கூடுதலா கொரோனா இல்லைங்கற ரிப்போர்ட். செத்தவன் மூக்குலயும் குச்சி விட்டாங்க. அதுவும் நெகடிவ். கார்கோல இடம் கிடைக்க அலைஞ்சு, பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஊர் போய்ச் சேந்தான்.

இன்சூரன்ஸ்? நாட்டுக்குள்ள வர்றதுக்காக எடுத்த பாலிசி கையில இருந்துச்சு. 1,00,000 டாலர், கொரோனான்னா. வண்டி விபத்துன்னதும் இந்த நாட்டு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எங்கன்னு கேட்டாங்க. அவன்கிட்ட தமிழ்நாட்டு லைசென்ஸ்தான் இருந்துச்சு, இன்டர்நேஷனல் பர்மிட் எடுக்கல, இங்க மாத்தவும் நேரம் இல்ல. ஹோட்டல்ல இருந்து வெளிய வந்தே நாலு வாரம்தானே. ஒத்தப் பைசா வரல. நாங்க தமிழ் ஆளுங்க சேந்து வசூல் பண்ணித்தான் அனுப்பினோம், இந்தி பேசற நண்பர்கள், ரெண்டு தாய்லாந்து கொலீக், அவன் பில்டிங் செக்யூரிட்டி கூட 100 பாட் குடுத்தாரு.

இதுல என்னைத் தூங்க விடாத விஷயம் இதுதான். இந்த நாட்டுக்குள்ள நுழையறதுக்கு அவனோட ரத்தம், மூக்கு, நுரையீரல், ஹோட்டல், காசு, எல்லாத்தையும் ஒரு அரசாங்கம் செக் பண்ணிச்சு. பதினாலு நாள் தினம் ரெண்டு வேளை காய்ச்சல் பாத்துச்சு. அவ்வளவு அக்கறையா அவன் உயிரக் காப்பாத்தின அதே ஊர், வெளிய விட்டதும் லைட் இல்லாத யூ டர்ன்ல விட்டுடுச்சு. வண்டி வித்தவன் லைசென்ஸ் இருக்கான்னு கேக்கல. நானும் கேக்கல. எங்க வீட்டுக்கு அந்த ஸ்கூட்டர்லதான் வந்தான் ஒரு நாள், நல்லாருக்குடான்னு சொன்னேன், லைசென்ஸப் பத்தி வாயே தொறக்கல, மாஸ்க் போட்டுப் போடான்னு மட்டும் சொன்னேன்.

ஜனவரி கடைசில நீச்சல் குளத்துப் பக்கம் திரும்பவும் அந்தப் பேச்சு. ஒருத்தர், நல்ல மனுஷன்தான், "பாத்தியா, உன் நண்பன் விஷயமே சாட்சி, வைரஸ் ஒண்ணும் பண்ணல, ரோடுதான் கொன்னுச்சு, இவங்க இந்த குவாரன்டைன எடுத்துடணும்"னாரு. நான் அதுக்கு முன்னாடி சொல்லிக்கிட்டு இருந்த அதே வாக்கியம். அன்னிக்கு அதக் கேக்க முடியல, எந்திரிச்சு வந்துட்டேன். யோசிச்சுப் பாத்தா, வருஷம் பூரா அந்த 22 ஆயிரம் பேர நாங்க பேசினோமே தவிர அவங்களுக்காகப் பேசல. எங்களுக்கு ஏர்போர்ட் தொறக்கணும், அதுக்கு அந்தச் சாவுங்கள வாதமா எடுத்து வெச்சோம். அந்த யூ டர்ன மூடுங்க, சிக்னல் வைங்க, லைட் போடுங்கன்னு எங்கள்ல ஒருத்தரும் ஒரு தடவை கூட சொன்னதில்ல.

அப்புறம் அந்த வாதம் இன்னொரு வழியிலயும் உடைஞ்சுது. 2021 ஏப்ரல்ல பாங்காக் தோங்லோ ஏரியா நைட் கிளப்புங்கள்ல இருந்து பரவினது நிக்கவே இல்ல. ஜூலை ஆகஸ்ட்ல டெல்டா, ஒரு நாளைக்கு 20 ஆயிரம் கேஸ், ஒரே நாள்ல 300 பேருக்கு மேல சாவு. பாங்காக்ல ஆஸ்பத்திரில பெட் இல்லாம வீட்டுலயே ஆளுங்க போனாங்க. இங்க ஃபா தலாய் ஜோன்னு ஒரு மூலிகை மாத்திரைய அரசாங்கமே குடுத்துச்சு, வாங்கிப் பாத்தா நம்ம நிலவேம்பு, அதே கசப்பு. அந்த வருஷம் முடியறப்ப மொத்த கொரோனா சாவு 21 ஆயிரத்தத் தாண்டிடுச்சு. அதாவது 2020ல 60ன்னு நாங்க கேலியாச் சொன்ன அந்த நம்பர், அந்தக் கட்டுப்பாடுங்க இருந்ததாலதான் 60. தடுப்பு வேலை செஞ்சதையே தடுப்பு தேவையில்லைங்கறதுக்கு ஆதாரமா காட்டிருக்கோம்.

அந்த 21 ஆயிரத்த இன்னொரு தடவை பாருங்க. கொரோனா இந்த நாட்ட அடிச்ச ரொம்ப மோசமான வருஷத்துல எத்தனை பேர எடுத்துச்சோ, ஏறக்குறைய அவ்வளவு பேர ரோடு ஒரு சாதாரண வருஷத்துல எடுக்குது. ஒவ்வொரு வருஷமும். அதுல முக்கால்வாசிப் பேர் ரெண்டு சக்கரத்துல போறவங்க. கார் வாங்க முடியாதவங்க, டெலிவரி பசங்க, ஃபேக்டரி ஷிஃப்ட் முடிச்சு போற பொண்ணுங்க, ஸ்கூல் யூனிஃபார்ம்ல மூணு பேரா போற பிள்ளைங்க.

கட்டுப்பாடு எங்கள அடிக்கலன்னு சொல்ல வரல. எங்க வீட்டையே அடிச்சுது. 2021 பிப்ரவரில மாமியாருக்கு முட்டி ஆபரேஷன்னு என் மனைவியும் பொண்ணும் கும்பகோணம் போனாங்க. மே முதல் வாரம் திரும்பி வர சி.ஓ.இ. கையில வாங்கியாச்சு, ஹோட்டலுக்குப் பணமும் கட்டியாச்சு. ஏப்ரல் 26 அறிவிப்பு, இந்தியால இருந்து வர்ற, தாய்லாந்துக் குடிமக்கள் அல்லாதவங்க சி.ஓ.இ. எல்லாம் ரத்து. என் பேருல விசா, என் பேருல வீடு, அவங்க சாமான் இங்க, பொண்ணோட ஸ்கூல் இங்க. எப்ப வரலாம்னு எந்த ஆபீஸ்ல கேட்டாலும் அடுத்த அறிவிப்பு வரைக்கும்னு மட்டும்தான் பதில். "என்னங்க, ஜூன்ல விடுவாங்களா, ஜூலைலயா"ன்னு அவ கேக்கறப்பல்லாம் என்கிட்ட பதில் இல்ல. பொண்ணுக்கு முன் பல்லு ரெண்டும் விழுந்து முளைச்சத நான் வாட்ஸாப்லதான் பாத்தேன். நவம்பர்ல சி.ஓ.இ.க்குப் பதிலா தாய்லாந்து பாஸ்னு புதுசு வந்தப்புறம்தான் வந்தாங்க. டூரிஸ்டுக்கு ஜூலை 1லயே புக்கெட் சாண்ட்பாக்ஸ் (தடுப்பூசி போட்டவங்க புக்கெட் தீவுக்கு வரலாம்ங்கற திட்டம்) தொறந்தாச்சு, இங்கயே வாழற குடும்பத்துக்கு நாலு மாசம் கழிச்சு. அந்த வரிசை தப்புன்னு இன்னிக்கும் சொல்லுவேன். ஆள் கும்பகோணத்துல மூணு டெஸ்ட் எடுத்துட்டு ஹோட்டல்ல அடைஞ்சு கிடக்கத் தயாரா இருக்கறப்ப, பாஸ்போர்ட்டப் பாத்து மொத்தமா கதவ மூடறது பாதுகாப்பு கிடையாது.

மனைவி சி.ஓ.இ. ரத்தான அதே ஏப்ரல்ல இன்னொண்ணும் நடந்துச்சு. ஏப்ரல் 1ல இருந்து பாங் பா இன்ல இருந்து ஆங் தோங் வரைக்கும் 32ம் நம்பர் ஹைவேல வேக வரம்ப 120ஆ உயர்த்தினாங்க. நல்ல ரோடு, நடுவுல தடுப்பு, எல்லாம் இருக்கற இடம்தான், காரணம் இருக்கலாம். ஆனா நான் அந்தச் செய்திய தம்பி போயி மூணு மாசத்துல படிச்சேன். ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லு, தை சானாங்கற கொரோனா பதிவு கியூஆர ஸ்கேன் பண்ணாம கடைக்குள்ள வராத, இன்னொரு பக்கம் 120ல போ.

2022 ஜனவரி 21 பயா தாய் ரோட்டுல, ஆஸ்பத்திரி வாசல்ல, ஜீப்ரா கிராஸிங்ல நடந்து போன ஒரு கண் டாக்டரை பெரிய பைக்ல வந்த போலீஸ்காரர் அடிச்சுட்டாரு, அந்தம்மா இறந்துட்டாங்க. அப்பத்தான் ஊரே கொதிச்சுது. கிராஸிங்குக்கு புதுசா செவப்பு பெயின்ட் அடிச்சாங்க, ஊர் பூரா ஜீப்ரா கிராஸிங் பேச்சு. 2023 ஜனவரில லைசென்ஸுக்கு 12 பாயின்ட் முறை வந்துச்சு, தப்பு பண்ணா பாயின்ட் குறையும், தீந்தா லைசென்ஸ் சஸ்பெண்ட். நல்லதுதான். ஆனா லைசென்ஸே இல்லாதவனுக்கு எந்தப் பாயின்ட்டக் குறைப்பீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 2023 ரிப்போர்ட்ல லட்சத்துக்கு 25 பேருன்னு இறங்கியிருக்கு. ஊரடங்கு இருந்த வருஷத்துக் கணக்கு அது, அதனால எவ்வளவு சந்தோஷப்படறதுன்னு தெரியல.

நம்ம ஊர்க்காரங்க இதப் படிச்சுட்டு ஐயோ தாய்லாந்து அவ்வளவு மோசமான்னு நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுல 2022ல 64,105 விபத்து, 17,884 சாவு. மக்கள்தொகையும் ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட ஏழு கோடியச் சுத்தி. அப்ப உளுந்தூர்பேட்டை பைபாஸும் எங்க யூ டர்னும் ஒரே கணக்குலதான் இருக்கு. ஆனா ஒரு விஷயத்துல நம்ம ஊர நெனச்சு பெருமையா இருக்கு. 2021 டிசம்பர்ல தொடங்கின இன்னுயிர் காப்போம் திட்டத்துல, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள அடிபட்டா முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை (தொடங்கினப்ப லட்ச ரூபா வரைக்கும்), எந்த மாநிலத்துக்காரன், எந்த நாட்டுக்காரன்னு கேக்க மாட்டாங்க. வெளிநாட்டுல ஆஸ்பத்திரி கவுன்டர்ல டெபாசிட் கேட்டு நின்னவனுக்குத்தான் அந்த ஒரு வரியோட அருமை தெரியும்.

இங்க புதுசா வர்ற நம்ம பசங்களுக்கு, இப்ப யாரும் பி.சி.ஆர் கேக்கறதில்ல, எல்லாமே 2022ல போயிடுச்சு. அதனால நான் கேக்கறேன். லைசென்ஸ்ல மோட்டார் சைக்கிள் இருக்கா, இன்டர்நேஷனல் பர்மிட்ல அந்தக் கட்டத்துல முத்திரை இருக்கா (கார் கட்டத்துல மட்டும் இருந்தா செல்லாது), இன்சூரன்ஸ்ல ரெண்டு சக்கரம் சேத்திருக்கா. சோய் முனைல (சோய்னா இங்க சந்து) ஆரஞ்சு சட்டை போட்ட பைக் டாக்ஸி அண்ணன்கிட்ட ஏறினாலும் ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போடுங்க, பின்னாடி உக்கார்றவங்கள்ல அஞ்சுல ஒருத்தர்தான் போடறாங்களாம். எங்க சோய்ல இருக்கற பீ, அவர நான் அப்படித்தான் கூப்பிடுவேன், பீன்னா இங்க அண்ணன், முன்னெல்லாம் நான் கேட்டா முறைப்பாரு. இப்ப என்னைத் தூரத்துல பாத்ததுமே ஹெல்மெட்ட எடுத்து நீட்டறாரு. பொண்ணுக்குன்னு சின்ன சைஸ் ஒண்ணும் வாங்கி அவர் ஸ்டாண்டுலயே வெச்சிருக்கேன்.

அந்த யூ டர்ன் இன்னும் அங்கதான் இருக்கு. சிக்னல் வரல. டிராஃபி ஃபாண்டியூன்னு இந்த ஊர்ல ஒரு ஆப் இருக்கு, எரியாத லைட், உடைஞ்ச நடைபாதை எல்லாம் போட்டோ எடுத்துப் போட்டா சம்பந்தப்பட்ட ஆபீஸுக்குப் போகும். போன வருஷம் அந்தக் கம்பத்தப் போட்டோ எடுத்துப் போட்டேன். யூ டர்ன மூடச் சொல்லியும் எழுதினேன், அதுக்குப் பதில் இல்ல. லைட்டுக்கு வந்துச்சு, ஒன்பதாவது நாள். ராத்திரி போயி பாத்தேன், வெள்ளையா எரியுது, ரோட்டுல கிடக்கற கல்லு கூடத் தெரியுது. தம்பியோட அம்மா ஒவ்வொரு சித்திரை ஒண்ணுக்கும் எனக்கு போன் பண்ணுவாங்க, பிள்ளைங்க நல்லாருக்கா, நீங்க நல்லாருக்கீங்களா தம்பின்னு கேப்பாங்க, இந்தச் சித்திரைக்கும் பண்ணுவாங்க. லைட்ட ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அனுப்பறதா வேண்டாமான்னு தெரியல.